தலைதட்டிய கிண்ணம்

"முட்டை அளவு வெண்ணெய் எடுத்துக்கொள்ளவும்." பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சமையல் புத்தகங்கள் பல இப்படித்தான் பேசின. அம்மாவின் பக்கத்தில் நின்று கற்ற பெண்ணுக்கு அது போதும். புத்தகத்தை மட்டும் நம்பி அடுப்பு மூட்டியவளுக்கு? அவள் வீட்டில் தராசு இருக்காது. தேநீர்க் கிண்ணம் இருக்கும். பவுண்டில் எழுதியதைக் கிண்ணத்தில் எப்படி அளப்பது என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

அதை அழுத்தமாகச் சொன்னவர் ஃபேனி ஃபார்மர். 1857-இல் பாஸ்டனில் பிறந்தவர். 16 வயதில் பக்கவாதம் தாக்கியது, படிப்பு நின்றது, ஆண்டுக்கணக்கில் நடக்க முடியவில்லை. முப்பது வயதில்தான் பாஸ்டன் சமையற்பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். 1889-இல் தேறி, பிறகு அந்தப் பள்ளிக்கே தலைமையேற்றார். அங்கே அவருக்கு முன்பிருந்த மேரி லிங்கன் 1884-லேயே ஒரு சமையல் புத்தகம் எழுதி வழி போட்டிருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

ஃபார்மரின் புத்தகம் 1896-இல் வந்தது. பதிப்பகத்துக்கு அது விற்கும் என்ற நம்பிக்கை இல்லை. முதல் 3,000 பிரதிகளின் அச்சுச் செலவை அவரே ஏற்றார். அதிலுள்ள அளவு அட்டவணையை இன்று படித்தாலும் எனக்கு மரியாதை கூடுகிறது. 2 கிண்ணம் சர்க்கரை 1 பவுண்டு. பேஸ்ட்ரி மாவு என்றால் 4 கிண்ணம். ஓட்ஸ் அவல் நாலே முக்கால் கிண்ணம். வெண்ணெய் 2 கிண்ணம். அதுவும் இடைவெளியில்லாமல் அழுத்தி நிரப்பியது என்று அடைப்புக்குறிக்குள் குறித்திருக்கிறார். அந்தக் குறிப்பில்தான் அவருடைய உழைப்பு தெரிகிறது. கிண்ணத்தை நிரப்பும் விதம் மாறினால் எடையும் மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே கையையும் பழக்கினார். மாவை முதலில் சலிக்க வேண்டும். கரண்டி கரண்டியாகக் கிண்ணத்தில் போட வேண்டும். கிண்ணத்தைக் குலுக்கவே கூடாது. கடைசியில் கத்தியின் நேர்விளிம்பால் வழித்துவிட வேண்டும். படியில் நெல் அளப்பவர்கள் தலைதட்டுவது என்பார்களே, அதேதான். அரைக் கரண்டி வேண்டுமா? தலைதட்டிய கரண்டியை நீளவாக்கில் கத்தியால் பிரி. கால் கரண்டிக்கு அந்தப் பாதியைக் குறுக்கே வெட்டு. கும்பாரமாக அள்ளுகிறவருக்கும் சிக்கனமாக அள்ளுகிறவருக்கும் ஒரே கேக் வர வேண்டும் என்பதே அவர் எண்ணம். பின்னாளில் நோயாளிகளுக்கான உணவு பற்றியும் எழுதினார், மருத்துவ மாணவர்களுக்கு உரையாற்றினார். படுக்கையில் கிடந்த ஆண்டுகள் அவருக்கு மறந்திருக்காது.

அவர் கணக்கில் ஒரு கிண்ணம் மாவு ஏறத்தாழ 113 கிராம். சலிக்காமல், மாவுப் பைக்குள் கிண்ணத்தை விட்டு அப்படியே அள்ளினால் 140 கிராமுக்கு மேலும் போகும். மாவுத் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. அழுத்தினால் அது வெளியேறி, அந்த இடத்தில் மாவு புகுந்துவிடும். கேக் கல்லாகிப் போவதற்குப் பெரும்பாலும் இந்தக் கூடுதல் மாவுதான் காரணம். சர்க்கரை அப்படியில்லை, பரல்கள் அதிகம் நெருங்காது.

கிண்ணமும் ஊருக்கு ஊர் வேறு. அமெரிக்கக் கிண்ணம் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மின்சார ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கிண்ணம் 180 மில்லிதான். அதை வைத்து அமெரிக்கக் குறிப்புக்கு மைதா அளந்தால் கால்பங்கு குறைந்துவிடும். குறிப்பு எந்த ஊருடையது என்று பார்த்துவிட்டே நான் கிண்ணத்தைத் தொடுகிறேன். சர்க்கரைக்குக் கிண்ணம் போதும். மைதாவைத் தராசில்தான் வைக்கிறேன்.