தாகம் தீர்க்கும் நாள்

துல்ஹஜ் மாதத்தின் 8ஆம் நாளுக்கு ‘யவ்முத் தர்வியா’ என்று பெயர். ஹஜ் வழிகாட்டி நூல்களில் இப்பெயரை நாம் படித்திருக்கிறோம். அன்று இஹ்ராமுடன் மினாவுக்குச் செல்ல வேண்டும் என்பதையும் அறிவோம். பெயரின் பொருளைத்தான் பலர் கேட்பதில்லை. தர்வியா என்றால் தாகம் தீர நீர் புகட்டுதல். மினாவிலும் அரஃபாவிலும் அக்காலத்தில் குடிநீர் கிடைப்பது அரிது. ஆகவே ஹாஜிகள் தாமும் வயிறாரக் குடித்து, ஒட்டகங்களுக்கும் புகட்டி, தோல்பைகளையும் நிரப்பிக்கொண்டு புறப்பட்ட நாள் அது. அறிஞர்கள் வேறு விளக்கங்களும் தந்துள்ளனர். எனினும் பரவலாக ஏற்கப்பட்டது இதுவே. தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்துவது ஒரு வணக்கத்தின் முன்னேற்பாடாகி, நாட்காட்டியிலும் பெயராக நின்றுவிட்டது.

நீர் புகட்டுவது மக்காவில் ஒரு பதவியாகவும் இருந்தது. ‘ஸிகாயா’ எனப்பட்ட அப்பொறுப்பு, ஸம்ஸம் கிணற்றை மீண்டும் தோண்டிய அப்துல் முத்தலிபின் குடும்பத்தில் இருந்து, பின்னர் அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தது. ஹாஜிகள் மினாவில் தங்க வேண்டிய இரவுகளில், நீர் வழங்கும் பணிக்காக மக்காவிலேயே தங்க அவர் அனுமதி கேட்டார். நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்தார்கள். ஹஜ்ஜின் இரவுகளிலேயே சலுகை பெறும் அளவுக்கு அப்பணி கனமானது.

நபி (ஸல்) அவர்கள் அந்த நீர்ப்பந்தலுக்கு வந்தபோது நடந்ததை புகாரி பதிவு செய்கிறது. மக்கள் கைவிட்டுக் கலக்கிய பானம் இது என்று தயங்கிய அப்பாஸ் (ரலி), வீட்டிலிருந்து வேறு பானம் வரவழைக்க முனைந்தார். அண்ணலார் அதை ஏற்காமல், எல்லோரும் குடித்ததையே வாங்கிப் பருகினார்கள். அரஃபா நாளில் அவர்கள் நோன்பு நோற்றிருக்கிறார்களா என்று தோழர்களிடையே ஐயம் எழுந்தபோது, அப்பாஸின் மனைவி உம்முல் ஃபழ்ல் (ரலி) ஒரு கிண்ணம் பால் அனுப்பினார். அண்ணலார் ஒட்டகத்தின் மீது இருந்தவாறே எல்லோரும் காணப் பருகினார்கள். ஹாஜி அல்லாதோர்க்கு அந்நாளில் நோன்பு சிறப்பு. ஹாஜிக்கோ அன்று பருகுவதே அண்ணலாரின் முன்மாதிரி.

அந்த அப்பாஸின் வழித்தோன்றல்தான் சுபைதா. கலீஃபா மன்சூரின் பேத்தி. ஹாரூன் ரஷீதின் மனைவி. சுபைதா என்பது வெண்ணெயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பாட்டனார் இட்ட செல்லப்பெயர். அக்காலத்து மக்காவில் ஒரு பெரிய தோல்பை நீர் ஒரு தீனாருக்கு விற்றதாக இப்னு கல்லிகான் எழுதுகிறார். ஏழை ஹாஜி என்ன குடித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஹுனைன் ஊற்றின் நீரை மக்காவை நோக்கியும், நுஃமான் பள்ளத்தாக்கின் நீரை அரஃபாவை நோக்கியும் மலைச்சரிவுகளின் வழியே கற்கால்வாய்களில் கொண்டுவர அவர் செல்வத்தைச் செலவிட்டார். கூஃபாவிலிருந்து மக்கா வரையிலான பாலைவழியும் ‘தர்பு சுபைதா’ என அவர் பெயரையே பெற்றது.

அவ்வழியின் ஆற்றல் அதன் குளங்களில் இருந்தது. எப்போதாவது பெய்யும் மழையின் வெள்ளம் முதலில் ஒரு சிறு தொட்டியில் புகும். மணலும் வண்டலும் அங்கே படியும். தெளிந்த நீர் மட்டும் சாந்து பூசிய பெருங்குளத்துக்குச் செல்லும். கணக்கேட்டை திஜ்லா நதியில் எறிந்துவிட்டு, கணக்கை மறுமைக்கு விட்டுவிட்டதாக வரும் சுபைதாவின் கதையையே நம் மேடைகளில் விரும்பிச் சொல்கிறோம். எனக்கோ அந்த வண்டல் தொட்டியே பெரிதாகத் தோன்றுகிறது. 1184இல் அவ்வழியே சென்ற அந்தலுஸ் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், இந்த நீர்நிலைகள் இல்லையேல் இப்பாதையே இல்லை என்ற கருத்தை எழுதி, அவருக்காகப் பிரார்த்தித்தார். சுபைதா மறைந்து (ஹிஜ்ரி 216, கி.பி. 831) மூன்றரை நூற்றாண்டுகள் கடந்திருந்தன.

16ஆம் நூற்றாண்டில் கால்வாய்கள் தூர்ந்து மக்கா மீண்டும் தவித்தது. இம்முறை முன்வந்தவரும் ஒரு பெண்மணியே: உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா. நீரை நகருக்குள் கொண்டுவரக் குறுக்கே நின்ற பாறையின் மீது விறகை அடுக்கி எரித்து, பாறை இளகிய பின் சிறிது சிறிதாக உடைத்தார்கள். தந்தை 1566இல் இறந்தார். பணி 1571இல்தான் முடிந்தது. அரஃபாவின் ஜபலுர் ரஹ்மாவின் அடிவாரத்தில் பழைய கால்வாயின் சுவர் இன்றும் நிற்கிறது. இன்று மக்காவுக்குக் கடல்நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்களில் வருகிறது.

ஆனால் வெயில் மாறவில்லை. 2024 ஜூனில் மக்கா ஹரமில் வெப்பம் 51.8 பாகை செல்சியசை எட்டியது; அவ்வாண்டு ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. பெரும்பாலோர் அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் நெடுந்தூரம் நடந்தவர்கள்.

கூடாரத்தில் தங்குவோர்க்கும் ஆபத்து உண்டு. அது வேறு வகை. கழிப்பறை வரிசைக்கு அஞ்சி, குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் முதியோரை ஒவ்வொரு பயணக்குழுவிலும் காணலாம். உலர்ந்த வெப்பக்காற்றில் வியர்வை உடனே ஆவியாவதால் உடல் இழக்கும் நீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வயது கூடக்கூடத் தாக உணர்வும் மங்குகிறது. ஆகவே வாப்பாவும் உம்மாவும் “தாகமில்லை” என்று சொல்வதை மட்டும் நம்ப இயலாது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகிறதா என்று கேட்பதே சரியான கேள்வி. இதயம், சிறுநீரக நோய் உள்ளோருக்கும், நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோருக்கும் அளவு வேறுபடும். எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் என்று மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, கடவுச்சீட்டு இருக்கும் பையிலேயே வைத்துவிடலாம்.