உப்பு மறுக்கப்பட்டவர்கள்: ஜாம்பி புனைவில் பரிவின் வரலாறு

ஜாம்பி என்றதும் தள்ளாடி வந்து மனிதச் சதையைக் கடிக்கும் பிணக்கூட்டம்தான் நம் நினைவுக்கு வருகிறது. இந்த நூற்றாண்டில் பேசுகிற, வருந்துகிற, தன் நிலையை எண்ணிக் கூசுகிற ஜாம்பிகள் நாவல்களிலும் தொடர்களிலும் இடம்பெறத் தொடங்கியபோது, பழைய அரக்க உருவம் காலப்போக்கில் மென்மையாகிவிட்டது என்று விளக்கம் சொல்வது வழக்கமாயிற்று. அந்த விளக்கம் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஜாம்பி பிறந்த ஹெய்ட்டியில் அது தொடக்கம் முதலே இரக்கத்துக்குரிய உயிர். அந்த இரக்கம் இடையில் பறிபோனது, பின்னர் சிறுகச் சிறுக மீட்கப்பட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பின்னாளில் ஹெய்ட்டி ஆன செயின்ட் டொமிங்கு என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்தில் ஏறக்குறைய 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் உழைத்தார்கள். இறந்தால் ஆன்மா முன்னோர்களின் கினி நாட்டுக்குத் திரும்பும் என்பது அவர்களின் நம்பிக்கை. சாவு ஒன்றுதான் அவர்களுக்கு எஞ்சியிருந்த விடுதலை. அதையும் பறித்து, செத்த உடலையே எழுப்பி வயலுக்கு ஓட்டினால்? 1791இல் மூண்ட புரட்சி 1804இல் ஹெய்ட்டியைச் சுதந்திர நாடாக்கியது. ஆனால் அந்த அச்சம் அழியவில்லை. ஹெய்ட்டியில் மக்கள் ஜாம்பியைக் கண்டு அஞ்சியதைவிடத் தாம் ஜாம்பியாக்கப்படுவதற்கே அஞ்சினார்கள். கொடியவன் பிணமல்ல, பிணத்தை வேலை வாங்கும் எஜமானன்.

அமெரிக்கப் படைகள் 1915 முதல் 1934 வரை ஹெய்ட்டியை ஆக்கிரமித்திருந்தன. அக்காலத்தில் அங்கே சென்ற வில்லியம் சீப்ரூக் 1929இல் வெளியிட்ட ‘தி மேஜிக் ஐலண்ட்’ நூல்தான் ஜாம்பியை ஆங்கில வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது. பரபரப்புக்காக எழுதப்பட்ட, இன மேட்டிமை மிகுந்த நூல் அது. ஆனாலும் அதில் ஒரு விவசாயி சொன்னதாக வரும் கதையை நான் இந்த வரலாற்றின் மூல ஆவணமாகவே கருதுகிறேன். 1918இல் ஹாஸ்கோ என்ற ஹெய்ட்டிய-அமெரிக்க சர்க்கரை நிறுவனத்துக்குக் கரும்பு வெட்ட ஆள் தேவைப்படுகிறது. ஒரு கங்காணி கந்தல் உடுத்திய கூட்டமொன்றை ஓட்டி வருகிறான். மலைநாட்டார், இவர்களுக்கு வேறு மொழி தெரியாது என்று பதிவேட்டில் பெயர் கொடுக்கிறான். அவர்கள் வெயிலில் வெட்டுகிறார்கள், கூலியை அவன் வாங்கிக்கொள்கிறான். இரவில் அவர்களுக்கு உப்பில்லாத கஞ்சி. உப்புப் பட்டால் தாம் இறந்தவர்கள் என்ற நினைவு வந்துவிடுமாம். ஒரு திருவிழா நாளில் கங்காணியின் மனைவி அவர்கள்மேல் இரக்கப்பட்டுச் சந்தையில் இனிப்பு மிட்டாய் வாங்கித் தருகிறாள். அதில் சேர்த்த பருப்பு முன்பே உப்பிட்டு வறுத்தது என்பது அவளுக்குத் தெரியாது. தின்றதும் அவர்கள் ஓலமிட்டு எழுகிறார்கள், சொந்த ஊர் நோக்கி மலையேறுகிறார்கள். மகனை, தந்தையை அடையாளம் கண்டு உறவினர்கள் கூப்பிடுவதையும் காதில் வாங்காமல் நேரே கல்லறைகளுக்குப் போய்த் தத்தம் குழிகளின் மண்ணைக் கையால் தோண்டி விழுந்து மடிகிறார்கள்.

சோற்றில் உப்புப் போட்டுத் தின்பவனுக்கு ரோஷம் இருக்கும் என்று நாம் சொல்வதில் உள்ள உண்மை இக்கதையில் அப்படியே இயங்குகிறது. உப்பை மறுப்பது நினைவை மறுப்பது. நினைவு திரும்பிய ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை, வீட்டுக்குப் போகிறது. கூலித் திருட்டு, பதிவேடு, கங்காணி, அந்நிய ஆலை என்று ஒரு பொருளாதாரமே இதற்குள் இருக்கிறது.

1932இல் வந்த ‘வைட் ஜாம்பி’ படம் இதில் ஒரு துண்டைக் காப்பாற்றியது. நடிகர் பேலா லுகோசியின் பாத்திரம் நடத்தும் சர்க்கரை ஆலையில் உயிரற்ற தொழிலாளர்கள் செக்கைச் சுற்றுகிறார்கள். ஒருவர் இயந்திரத்துக்குள் விழுகிறார். சுற்றுவது நிற்கவில்லை. ஆனால் படம் பரிவு கேட்பது வசியத்துக்குள்ளான வெள்ளைப் பெண்ணுக்கு மட்டுமே. அந்தக் கறுப்புத் தொழிலாளர்கள் அவளது துன்பத்துக்குப் பின்னணி ஆகிவிட்டார்கள்.

முழுமையான திருப்பம் ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தில் நடந்தது. எஜமானன் மறைந்தான், பசி வந்தது. அதன் வேர் ஹெய்ட்டி அல்ல. ரிச்சர்ட் மேத்சன் 1954இல் எழுதிய ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவல்தான் தூண்டுதல் என்று ரொமேரோவே கூறியிருக்கிறார். அந்த நாவலின் முடிவு கவனத்துக்குரியது. தொற்றுக்கு ஆளானவர்களைப் பகல் முழுதும் வேட்டையாடும் கடைசி மனிதன், அவர்கள் ஒரு புதிய சமுதாயமாகிவிட்டதையும் அவர்கள் கண்ணில் தானே அரக்கன் என்பதையும் சாகும் தறுவாயில் உணர்கிறான். ரொமேரோ முற்றுகையை எடுத்துக்கொண்டார், இந்த உணர்தலை அப்போது விட்டுவிட்டார். ஆயினும் இரவு முழுதும் தாக்குப்பிடித்த கறுப்பின நாயகன் காலையில் மனிதர்களின் தோட்டாவுக்கு இரையாவதோடு அவர் படம் முடிகிறது.

விட்டதை அவர் 1985இல் ‘டே ஆஃப் தி டெட்’ படத்தில் எடுத்தார். பூமிக்கடியில் ஒரு ராணுவ ஆய்வகம். சங்கிலியில் கட்டப்பட்ட பப் என்ற ஜாம்பிக்கு மருத்துவர் லோகன் சவரக்கத்தி, புத்தகம், தொலைபேசி என்று பழைய வாழ்வின் பொருள்களைத் தருகிறார். பப் கத்தியைத் தாடையில் வைத்துப் பார்க்கிறது. காதில் பீத்தோவன் ஒலித்ததும் விக்கித்துப்போகிறது. எதிரே நிற்கும் தளபதி ரோட்ஸைக் கண்டு சல்யூட் அடிக்கிறது, அவர் பதில் வணக்கம் செய்ய மறுக்கிறார். பின்னர் லோகனின் பிணத்தைக் கண்டதும் பப் துயரத்தில் முனகுகிறது. துப்பாக்கி எடுக்கிறது, ரோட்ஸைச் சுடுகிறது, முடிவில் அவருக்கு இன்னொரு சல்யூட் வைக்கிறது. நடிகர் ஷெர்மன் ஹோவர்டு ஏறக்குறைய வசனமே இல்லாமல் கண்ணாலும் தொண்டையாலும் செய்தது இது. இங்கே உப்பின் வேலையைப் பொருள்கள் செய்கின்றன. லோகன் பப்பைப் பழக்குவது மனிதச் சதையைக் கூலியாகக் கொடுத்துத்தான் என்பதையும் மறக்கக் கூடாது. எஜமானன் வேறு உடையில் திரும்பி வந்துவிட்டான்.

‘டே ஆஃப் தி டெட்’ வருவதற்குப் பத்தாண்டு முன்பே ஹெய்ட்டியில் ஒரு பேரிலக்கியம் எழுதப்பட்டுவிட்டது. 1975இல் ஃபிராங்கெட்டியன் ஹெய்ட்டிய கிரியோல் மொழியில் ‘டெசாஃபி’யை வெளியிட்டார். அம்மொழியின் முதல் நாவலாக அது போற்றப்படுகிறது. ஒரு மந்திரவாதி ஊராரை ஜாம்பிகளாக்கி நெல்வயலில் உழைக்க வைக்கிறான். அவன் மகள் ஒரு ஜாம்பியைக் காதலித்து உப்புக் கொடுக்கிறாள். விழித்தவன் மற்றவர்களுக்கும் உப்புக் கொடுக்கிறான். சீப்ரூக்கின் கதையில் விழித்தவர்கள் குழிக்குத் திரும்பினார்கள். இங்கே அவர்கள் எஜமானனை நோக்கித் திரும்புகிறார்கள். டுவாலியே சர்வாதிகாரம் நடந்துகொண்டிருந்த நாட்டில் இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1988இல் ரெனே டெபெஸ்ட்ர் எழுதி ரெனோடோ பரிசு பெற்ற ஹாட்ரியானா நாவலில், திருமண நாளில் ஜாம்பியாக்கப்பட்ட பெண் இறுதிப் பகுதியில் தன் கதையைத் தானே சொல்கிறாள். ஜாம்பியின் தன்மை ஒருமைக் குரல் ஆங்கில உலகில் புதுமையாகக் கொண்டாடப்படும் முன்பே நடந்த காரியம் இது.

2010இல் ஐசக் மாரியன் ‘வார்ம் பாடீஸ்’ நாவலில் ஒரு ஜாம்பியைக் காதலனாக்கினார். வாசிக்க இதமானது; ஆனால் காதல் வந்ததும் இதயம் துடித்துவிடுவதால், இந்த நிலைக்கு யார் காரணம், அதனால் யாருக்கு லாபம் என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. எம். ஆர். கேரியின் ‘தி கேர்ள் வித் ஆல் தி கிஃப்ட்ஸ்’ (2014) துணிச்சலானது. சக்கர நாற்காலியில் வார்கொண்டு கட்டப்பட்டுப் பாடம் கேட்கும் மெலனி என்ற சிறுமி, தன்னை அறுத்து ஆராய்ந்து மனிதகுலத்தைக் காக்க நினைப்பவர்களிடம், உங்களுக்காக நாங்கள் ஏன் சாக வேண்டும் என்ற கேள்வியை முன்வைக்கிறாள். மேத்சன் கடைசிப் பக்கங்களில் கண்டதை கேரி புதிய தலைமுறையின் பக்கமிருந்து எழுதுகிறார்.

ஆயினும் என் கணிப்பில் இவ்வகையின் உச்சம் டொமினிக் மிட்செல் பிபிசிக்காக எழுதிய ‘இன் தி ஃபிளெஷ்’ (2013–14) தொடர். எழுந்த பிணங்களுக்குச் சிகிச்சை உண்டு. அரசு அவர்களைப் ‘பகுதி இறப்பு நோயாளிகள்’ என்கிறது. தற்கொலை செய்துகொண்டு மீண்டெழுந்த கீரன் என்ற இளைஞன் வடஇங்கிலாந்துக் கிராமத்திலுள்ள பெற்றோர் வீட்டுக்குத் திரும்புகிறான். தினமும் ஊசி, வெளிறிய தோலை மறைக்கும் பூச்சு, கண்ணுக்கு வில்லை. சாப்பிட முடியாதவன் குடும்பத்துக்காக மேசையில் அமர்ந்து சாப்பிடுவதுபோல் பாவனை செய்கிறான். எதிர்வீட்டில் இவனைப்போல் மறைவாக வாழ்ந்த மூதாட்டி, கணவர் கண் முன்னே தெருவில் சுட்டுக் கொல்லப்படுகிறார். இரண்டாம் பருவத்தில் அரசு ஒரு திட்டம் கொண்டுவருகிறது: இந்நோயாளிகள் கூலியில்லாமல் உழைத்தால் குடியுரிமை திரும்பக் கிடைக்கும். செயின்ட் டொமிங்குவின் கரும்புத் தோட்டம் ஒரு பிரிட்டிஷ் கிராமத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. ஒன்பது அத்தியாயங்களோடு தொடர் நிறுத்தப்பட்டது பெரிய இழப்பு.

ஆகவே ஜாம்பிக்கு மனம் உண்டா என்று கேட்பதோடு ஆய்வு நிற்கக் கூடாது. அந்த மனத்தை மறக்கச் செய்து ஆதாயம் பார்ப்பவர் யார் என்று கேட்கும் படைப்புகளே இவ்வகையில் நிலைத்து நிற்கின்றன. இத்துறையில் இறங்கும் தமிழ் ஆய்வு மாணவர்கள் ரொமேரோவை முதல் அத்தியாயமாக வைக்காமல், ஃபிராங்கெட்டியனின் ‘டெசாஃபி’யிலிருந்து தொடங்க வேண்டும். 2018 முதல் அது ஆங்கிலத்தில் கிடைக்கிறது.