நிலத்துக்கும் ஒரு வாடகைச் சட்டம் உண்டு

சென்னையில வாடகை வீட்டுல இருக்கிற நண்பர்களுக்கு 1960-ல வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தெரிஞ்சிருக்கும். அதுக்கு 4 வருஷம் முன்னாடியே நிலத்துக்கும் அப்படி ஒரு சட்டம் வந்தாச்சுன்னு சொன்னா பல பேர் நம்புறதில்லை. கோவளம், கேளம்பாக்கம், தையூர் பக்கம் நிலம் வச்சிருக்கிறவங்க ஏன் குத்தகைக்கு விடத் தயங்குறாங்கன்னு புரியணும்னா, அந்தச் சட்டத்தோட கதை தெரியணும்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1763-ல ஆற்காடு நவாப் முகமது அலி, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக் கொடுத்த பூமி எங்க செங்கல்பட்டு. அப்போ ஊர் நிலத்துக்கு உரிமைக்காரங்க மிராசுதாரர்கள். அவங்க நிலத்தை உழுதவங்க பாயகாரிகள். அதுலயும் ரெண்டு வகை. உள்குடிக்கு ஊரிலேயே வீடு, பரம்பரையா உழுற உரிமை. பரக்குடி வெளியூர்க்காரர்; அவருக்கு எல்லாம் வருஷக் கணக்குதான். ஆக, "உழுறவனை எழுப்பலாமா, கூடாதா" என்ற கேள்வி எங்க பக்கம் 200 வருஷத்துக்கும் மேல பழசு.

சுதந்திரத்துக்கு அப்புறம் நிலச் சீர்திருத்தம் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும், பெரிய பண்ணைக்காரங்க குத்தகைக்காரங்களை வெளியேத்த ஆரம்பிச்சாங்க. முதல்ல 1952-ல தஞ்சாவூருக்கு மட்டும் ராஜாஜி அரசு அவசரச் சட்டம் போட்டது. காமராஜர் காலத்துல, 1955-ல, மாகாணம் முழுக்கப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குறது மாதிரி சில காரணம் இருந்தாத்தான் எழுப்ப முடியும். அடுத்த வருஷம் நியாயக் குத்தகைச் சட்டம். நன்செய்க்கு விளைச்சலில் 40 சதவீதம், தண்ணி இறைச்சுப் பாயுற நன்செய்க்கு 35, மத்த நிலத்துக்கு மூணுல ஒரு பங்கு. இதுக்கு மேல நிலக்காரர் வாங்கக் கூடாது. 1980-ல அதையும் 25 சதவீதமாக் குறைச்சாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஏக்கருக்கு 24 மூட்டை விளைஞ்சா, பாதி வாரத்துல நிலக்காரருக்கு 12 மூட்டை. 1956 சட்டப்படி பத்துக்குக் கொஞ்சம் கீழே. 1980-க்கு அப்புறம் 6. உழுறவனுக்கு இது பெரிய விடுதலை, சந்தேகமே இல்லை. அந்தச் சட்டம் இல்லைன்னா ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அன்னைக்கே தெருவுக்கு வந்திருக்கும்.

ஆனா நிலக்காரங்க எல்லாருமே பண்ணையார் இல்லையே. ஒண்ணரைக் காணி வச்சிருந்த வாத்தியார், விதவை, பட்டணத்துக்கு வேலைக்குப் போன குமாஸ்தா, எல்லாருக்கும் ஒரே அளவுகோல். 1969-ல குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் வந்ததும் அவங்க பயம் இன்னும் கூடிச்சு. பேரு பதிவாயிட்டா நிலம் திரும்பாது, விக்கணும்னாலும் குத்தகைக்காரருக்கு ஒரு பங்கு கொடுத்துத்தான் எழுப்பணும்னு பேச்சு. பணக்காரர் வக்கீல் வச்சுச் சமாளிச்சார். சின்னவங்க கண்டுபிடிச்ச வழி ஒண்ணுதான்: எழுத்தே வேண்டாம், வாய்ப்பேச்சு போதும். குத்தகை குறையல, காகிதம்தான் காணாமப் போச்சு.

நானும் அப்படித்தான் உழுறேன். சொந்தம் ஒரு காணி. ரெண்டு ஏக்கர் தாம்பரத்துல இருக்கிற ஒரு வயசான அம்மாவோடது. "நெல்லு எவ்வளவு வேணா குறைச்சுக் கொடு தம்பி, கையெழுத்து மட்டும் கேக்காதே"ன்னு சொல்லுவாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா 2015 டிசம்பர் மழையில அந்த ரெண்டு ஏக்கர் சம்பாவும் முழுகினப்போ, அடங்கல்ல என் பேரு இல்லை. நிவாரணம் கேக்க எனக்கு வாயில்லை. பயிர்க் கடனும் அதே கதை. பக்கத்துக் கொல்லைக்காரர் அந்த வம்பே வேண்டாம்னு நிலத்தைத் தரிசாப் போட்டுட்டார். இப்போ அங்க வேலிகாத்தான்தான் விளையுது.

வீட்டு வாடகைக்கு 2017-ல புதுச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. ரெண்டு பேரும் பேசி வாடகை வச்சுக்கலாம், ஆனா ஒப்பந்தத்தை எழுத்துல பதிவு செய்யணும். நிலத்துக்கும் அப்படி ஒண்ணு வேணும்கிறது என் எண்ணம். 3 வருஷம், 5 வருஷம்னு கெடு வச்ச குத்தகை. கெடு முடிஞ்சா நிலம் உடையவருக்கு உறுதியாத் திரும்பணும். கெடு வரைக்கும் கடனும் நிவாரணமும் உழுறவனுக்கு வரணும். பரம்பரையா உழுதுட்டு வர்ற பழைய குத்தகைக்காரங்க உரிமையில மட்டும் கை வைக்கக் கூடாது.

இதைப் படிக்கிற உங்களில் பல பேருக்கு அப்பா பேர்லயோ தாத்தா பேர்லயோ ஊர்ல நிலம் இருக்கும். அதை யார் உழுறாங்க, போன மழையில அவங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க.