நீலகிரி ஓடைகளில் டிரவுட்: மீனும் சொல்லும்

0. முன்னுரை

ஓர் உயிரினம் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்லப்படும்போது அதன் பெயரும் உடன் செல்கிறது. அதனைப் பிடிக்கும் முறை, அம்முறைக்குரிய கருவிகள், அக்கருவிகளுக்குரிய சொற்கள் ஆகியனவும் பெரும்பாலும் அதனைத் தொடர்கின்றன. நீலகிரியின் உயர்நிலை ஓடைகளில் டிரவுட் என்னும் மீன் குடியேற்றப்பட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, அதனோடு வந்த சொற்களைத் தமிழில் பெயர்ப்பதில் எழும் சிக்கல்களையும், ஆங்கிலப் பொதுப்பெயர்கள் உள்நாட்டு மீன்களின் அடையாளத்தை மறைத்த நிலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. மீன் வந்த வரலாறு

1.1 டிரவுட் குளிர்ந்த, உயிர்வளி மிகுந்த, ஓடும் நீரை வேண்டும் மீன். இந்தியாவில் அது இயற்கையாக வாழ்ந்ததில்லை. ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேல் அமைந்த நீலகிரி ஓடைகள் வெப்பமண்டலத்திற்குள் இருந்தும் அம்மீனுக்கு ஏற்ற குளிர்ச்சி உடையவை. உதகமண்டலத்தில் குடியேறிய ஆங்கிலேயர் தம் நாட்டு ஓடைகளில் பழகிய பொழுதுபோக்கினை இங்கும் தொடர விரும்பினர். 1864இல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவிற்குப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுசெல்லப்பட்ட டிரவுட் முட்டைகள் அங்குப் பொரித்தன. நெடுங்கடற்பயணத்திலும் முட்டைகளைக் காக்க இயலும் என்பதை அது மெய்ப்பித்தது.

1.2 சென்னை மாகாண மருத்துவத்துறையில் பணியாற்றிய மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே (1829-1889) 1860களில் நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற முயன்றார். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. 1879இல் நீலகிரிக்கென்றே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. 1880களில் இலங்கையின் நுவரெலியாப் பகுதியில் டிரவுட் குடியேற்றப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், சென்னை அரசின் மீன்வள வல்லுநர் எச். சி. வில்சனின் முயற்சியால், இலங்கை முதலிய இடங்களிலிருந்து பெறப்பட்ட வானவில் டிரவுட் நீலகிரியில் நிலைபெற்றது. அவலாஞ்சியில் பொரிப்பகமும் அமைந்தது. ஏறத்தாழ இதே காலத்தில் வடக்கிலும் இம்முயற்சி நடைபெற்றது. காஷ்மீருக்கு 1899இல் அனுப்பப்பட்ட முட்டைகள் வழியில் அழிந்தன. 1900இல் வந்தவை பிழைத்தன. அங்கிருந்து 1909இல் குலுப் பள்ளத்தாக்கின் பியாஸ் ஆற்றிற்கு அம்மீன் சென்றது.

1.3 ஊர்ப்பெயரான 'அவலாஞ்சி' இங்குக் கருதத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த பெரும் நிலச்சரிவு ஒன்றால் அவ்விடத்திற்கு ஆங்கிலத்தில் சரிவைக் குறிக்கும் சொல்லே பெயராயிற்று. தமிழ் வழக்கு அதனை இகர ஈறு கொடுத்துத் தன்னுடையதாக்கிக்கொண்டது. இன்று அப்பெயரைக் கூறுவோர் அதனை வேற்றுமொழிச் சொல்லாக உணர்வதில்லை. 'டிரவுட்' இந்த அளவிற்குத் தமிழாகவில்லை. மொழிமுதலில் டகர மெய் வாராது என்னும் மரபும், வல்லின மெய்யீறு தமிழுக்கு இயல்பன்று என்பதும் அச்சொல்லை இன்றும் அயற்சொல்லாகவே காட்டுகின்றன. 'ட்ரௌட்', 'டிரவுட்', 'டிரவுட்டு' என எழுத்துவடிவம் நிலைபெறாமைக்கும் இதுவே காரணம் எனலாம். மெய்ம்மயக்கத்தை உயிர் கொடுத்துப் பிரிக்கும் 'டிரவுட்' என்பது தமிழ் ஒலியமைப்பிற்கு ஓரளவு நெருங்கிய வடிவமாதலின் இக்கட்டுரை அதனையே ஆள்கிறது.

2. பிடிக்கும் முறையும் அதன் சொற்களும்

2.1 தமிழில் தூண்டிற்சொற்கள் பழமையும் வளமும் உடையவை. திருக்குறள் சூதின் தீமையை விளக்கத் தூண்டிலை உவமையாக்குகிறது. அங்குத் தூண்டிலின் உலோகத்தைக் குறித்து வரும் 'பொன்' என்னும் சொல்லுக்கு உரையாசிரியர் இரும்பு எனப் பொருள் கூறுவர். இன்றைய வழக்கில் தூண்டில் முள், நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, இரை என ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயர் உண்டு. எனினும் இச்சொற்கள் இரைத்தூண்டிலுக்கு உரியவை. டிரவுட்டைப் பிடிக்கும் ஆங்கில முறை அடிப்படையிலேயே வேறானது.

2.2 இரைத்தூண்டிலில் நரம்பு மெல்லியது. முனையில் உள்ள இரையும் ஈயக்குண்டும் தம் எடையால் அதனை இழுத்துச் செல்கின்றன. டிரவுட் தூண்டிலிலோ முனையில் எடை ஏதும் இல்லை. இறகு, மயிர், நூல் ஆகியவற்றை முள்ளின்மீது கட்டிப் பூச்சிபோலச் செய்த போலி இரை மட்டுமே உள்ளது. அதனைத் தொலைவிற்கு எறிய இயலாது. எனவே கயிறே தடித்ததாகவும் எடையுள்ளதாகவும் அமைக்கப்படுகிறது. வளையும் கோலினால் அக்கயிற்றை முன்னும் பின்னும் வீசி நீர்மேல் படரவிடும்போது, அதன் நுனியில் கட்டிய மெல்லிய நரம்பும் போலிப்பூச்சியும் ஓசையின்றி இறங்குகின்றன. நைலான் வருமுன் கயிறு பட்டிழையாலும், நுனி நரம்பு பட்டுப்புழுவின் உடலிலிருந்து எடுத்த இழையாலும் ஆனவை.

இவ்வேறுபாடு வினைச்சொல்லிலும் காட்டப்படல் வேண்டும். இரைத்தூண்டிலைப் 'போடுதல்' என்பது மரபு. வலைக்கு 'வீசுதல்' என்னும் வினையும், 'வீச்சுவலை' என்னும் பெயரும் உள்ளன. கயிற்றின் எடையே விசையைக் கொண்டுசெல்லும் இம்முறைக்கு 'வீசுதல்' என்பதே பொருந்தும்.

2.3 மொழிபெயர்ப்பாளருக்கு மிகுந்த இடர் தருவது போலி இரையின் பெயராகும். ஆங்கிலத்தில் அது 'ஃபிளை' எனப்படும். அகராதி வழி நின்று அதனை 'ஈ' என்றும், அம்முறையை 'ஈத்தூண்டில்' என்றும் பெயர்க்கலாம். ஆயின் தமிழ் 'ஈ' பொருள் குறுகியது. பெரும்பாலும் வீட்டு ஈயையும் தேனீ போன்ற சிலவற்றையுமே குறிக்கும். ஆங்கிலச் சொல்லோ வண்ணத்துப்பூச்சி, மின்மினிப்பூச்சி, தட்டான் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களிலும் பின்னொட்டாக வருகிறது. அவ்விடங்களில் தமிழ் பெரிதும் ஆள்வது 'பூச்சி' என்னும் சொல்லாகும்.

மேலும், இப்போலி இரைகள் அனைத்தும் பறக்கும் உயிர்களைப் போன்றவை அல்ல. நீரடியில் வாழும் இளம்புழுப் பருவத்தைப் போலச் செய்தவையும், சிறு மீன்களைப் போலச் செய்தவையும் அதே பெயரைப் பெறுகின்றன. தமிழ்ப் 'பூச்சி' இறகில்லாத கம்பளிப்பூச்சியையும், புழுவான நாக்குப்பூச்சியையும் தன்னுள் அடக்கும். ஆகவே 'பூச்சித்தூண்டில்' என்பதும், போலி இரைக்குக் 'கட்டுப்பூச்சி' என்பதும் பொருள் எல்லையால் ஏற்புடையவை. 'கட்டு' என்பது முள்மேல் நூலால் கட்டும் செய்வினையையும், இயற்கையன்று என்பதையும் ஒருங்கே உணர்த்தும்.

2.4 1879ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் வரும் 'கேம்' என்னும் ஆங்கிலச் சொல் விளையாட்டையும், வேட்டைக்குரிய உயிரையும் குறிக்கும். அதன் வழிவந்த மீன்வகைப் பெயரை 'விளையாட்டு மீன்' எனப் பெயர்த்தால் மீன் விளையாடுவதாகப் பொருள் திரியும். 'வேட்டைமீன்' என்பதே கருத்தைச் சரியாக உணர்த்தும்.

3. பெயரின் பொருள் விரிவும் அதன் விளைவும்

3.1 அயலிடத்தில் புதிய உயிர்களைக் காண்போர் தமக்குப் பழகிய பெயரை அவற்றிற்கு இடுவது இயல்பு. இமயமலை ஆறுகளில் வாழும் ஸ்கைசோதொராக்ஸ் இனத்து மீன்களை ஆங்கிலேயர் 'பனி டிரவுட்' என்றனர். அவை கெண்டைக் குடும்பத்தைச் சார்ந்தவை, டிரவுட்டோடு உறவற்றவை. குமாயூனிலும் நேபாளத்திலும் 'அசலா' போன்ற பெயர்கள் அவற்றிற்கு முன்னரே வழங்கின. 'போலா' என்னும் மற்றொரு கெண்டைக் குடும்ப மீனும் 'இந்திய டிரவுட்' எனப்பட்டது. இப்பெயர்களை ஆங்கிலவழித் தமிழாக்குவோர் ஒரு பிழையான உறவைத் தமிழிலும் பதியச் செய்கின்றனர். இத்தகைய இடங்களில் வட்டாரப் பெயரை நாடுவதே முறை.

3.2 அறிவியற்பெயரும் மாறாததன்று. வானவில் டிரவுட் நெடுங்காலம் 'சால்மோ' என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1989இல் அது பசிபிக் சால்மன்களின் பேரினமான 'ஆன்கோரிங்கஸ்' என்பதனுள் மாற்றப்பட்டது. ஐரோப்பியப் பழுப்பு டிரவுட் 'சால்மோ'விலேயே நின்றது. அறிவியல் அவ்விரண்டையும் பிரித்த பின்னும் பொதுப்பெயர் ஒன்றாகவே வழங்குகிறது. பழைய நூல்களைப் பெயர்ப்போர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

3.3 பொதுப்பெயர் மறைத்த உண்மைக்கு மற்றுமொரு சான்று காவிரியில் உள்ளது. அங்கு வாழும் பெருங்கெண்டையான திமில் மகசீர், தூண்டிற்காரர் நூல்களில் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாகப் புகழ்பெற்றது. ஆயினும் அதன் அறிவியல் அடையாளம் 2018இல்தான் தெளிவாயிற்று. கேரளத்தின் பாம்பாற்று மீன்களுக்கு முன்னர் இடப்பட்ட 'டோர் ரேமாதேவி' என்னும் பெயரே அதற்கும் உரியது என அவ்வாண்டில் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாகவும் பட்டியலிடப்பட்டது. இதற்கிடையில் பொரிப்பகங்களில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர் அவ்வாற்றில் விடப்பட்டுப் பெருகியது. இரண்டிற்கும் 'மகசீர்' என ஒரே பெயர் வழங்கியமையால், ஓர் இனம் குறைந்து மற்றோர் இனம் அதன் இடத்தைப் பற்றியது நெடுநாள் புலப்படவில்லை. பெயரின்மை அழிவிற்கு முழுக்காரணம் அன்று. ஆனால் அழிவைக் காணவொட்டாமல் தடுத்தது.

4. முடிவுரை

1950, 1960களின் குந்தா நீர்மின் திட்டத்தால் அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி ஆகிய இடங்களில் ஓடைகள் நீர்த்தேக்கங்களாயின. 1990இல் முக்குருத்தி தேசியப் பூங்காவாயிற்று. 2000இல் வெளியான, உலகில் மிகுந்த தீங்கு விளைக்கும் நூறு அயலினங்களின் பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டும் இடம்பெற்றன. சட்டமும் பொரிப்பகமும் கொண்டு பேணப்பட்ட மீன், உள்ளினங்களின் நலம் நோக்கி ஐயுறப்படும் மீனாக மாறியுள்ளது.

தனக்கெனப் பெயருடன் வந்த மீனுக்கு அப்பெயரே போதும். 'டிரவுட்' என்பதற்குப் புதுச்சொல் படைக்க வேண்டுவதில்லை. முறைக்கும் கருவிக்கும் தமிழில் உள்ள சொற்களைப் பொருள் எல்லை அறிந்து விரிக்கலாம். ஆனால் உள்நாட்டு மீன்களின் பெயர்களை ஆங்கிலத்தின் வழியாகப் பெறுதல் தகாது. பிரான்சிஸ் டே 1875-1878இல் வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய நூலில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் மீன்பெயர்களை உரோம எழுத்தில் பதிந்துள்ளார். அவற்றை ஆற்றங்கரை மீனவர் வழக்கோடு ஒப்பிட்டு, உரிய தமிழ் வடிவில் மீட்டுத் தொகுத்தல் மொழியியலாளரும் மீனியலாளரும் இணைந்து செய்யத்தக்க பணியாகும். பெயர் அறிந்த மூத்த மீனவர் உள்ளபோதே அது செய்யப்படல் வேண்டும்.