பஞ்சத்துல பிறந்த வானம்

கோளரங்கம்னா நம்ம மக்களுக்கு சாய்ஞ்ச சீட், ஏசி, குட்டித் தூக்கம். ஆனா அதோட பிறப்புக்கதை தூங்க விடாதுங்க.

ம்யூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்துல அந்த முதல் ப்ரொஜெக்டரைப் பார்த்தேன். மியூசியத்தை நிறுவிய ஆஸ்கர் ஃபான் மில்லர் 1913-ல் ஸைஸ் கம்பெனியிடம் ஒரு செயற்கை வானம் கேட்டார். முதல் திட்டம், ஆட்கள் உள்ளே உட்கார, சுத்திச் சுழலும் பெரிய உலோகக் கோளம். நடுவுல உலகப்போர். 1919-ல் வால்தர் பவர்ஸ்ஃபெல்ட் அதை அப்படியே திருப்பிப் போட்டார்: கூரை சும்மா இருக்கட்டும், நடுவிலுள்ள கருவி சுழன்று வெளிச்சத்தால் நட்சத்திரம் போடட்டும்!

1923 அக்டோபர் 21, மியூசியத்தில் முதல் காட்சி. சுமார் 4500 நட்சத்திரங்கள். அப்போ வெளியே? ஒரு ரொட்டிக்கு கோடிக்கணக்கில் மார்க். பதினெட்டே நாளில், அதே ஊரில் ஹிட்லரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி.

ஊரே கலங்கிக் கிடந்தப்போ சில பேர் நட்சத்திரத்துக்கு லென்ஸ் தேய்ச்சிட்டு இருந்திருக்காங்க. வெட்டிவேலைன்னு யாராவது சொல்லியிருப்பாங்களோ என்னவோ. 1925 மே மாசம் அது மக்களுக்கு நிரந்தரமா திறந்தது. நம்ம கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் (1988) வரைக்கும் அந்த யோசனையோட வாரிசுதான்.

அடுத்த தடவை விளக்கு அணைஞ்சதும் தூங்கிடாதீங்க!