மௌனம் சம்மதம் அல்ல – ஒரு சொல்லின் வரலாறு

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்று ஒரு பழமொழி உண்டு. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தலையைக் குனிந்து நின்றால் போதும், பெரியவர்கள் இந்தப் பழமொழியைச் சொல்லிவிட்டுத் தட்டு மாற்றிக் கொள்வார்கள். 1990ல் மம்மூட்டி நடித்து "மௌனம் சம்மதம்" என்ற பெயரில் ஒரு படமும் வந்தது. கேட்க இனிமையான வார்த்தைதான். ஆனால் இந்தியாவில் பாலியல் வன்கொடுமை வழக்குகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இந்தப் பழமொழி எத்தனை பெண்களுக்கு எதிரான சாட்சியாக நின்றிருக்கிறது என்பது புரியும்.

திருமங்கலம் பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள். மதுரை கல்லூரிகளுக்குப் போகும் மாணவிகள், சுற்றுக் கிராமங்களில் இருந்து வந்து இறங்குபவர்கள் என்று கூட்டம் அலைமோதும். நெரிசலான பஸ்ஸில் பின்னால் நிற்பவன் வேண்டுமென்றே உரசும்போது, ஒரு பெண் எதுவும் பேசாமல் இரண்டு அடி தள்ளி நின்று கொள்கிறாள். அந்த மௌனத்துக்கு என்ன பொருள்? பயமா, வெட்கமா, "வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள்" என்ற கவலையா? எதுவாகவும் இருக்கலாம். சம்மதமாக மட்டும் இருக்க முடியாது. பஸ்ஸில் நிற்கும் எவருக்கும் புரிகிற இந்தச் சின்ன விஷயத்தைச் சட்டப் புத்தகத்தில் எழுதி வைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் கதைதான் இது.

வயதில் தொடங்கிய வாதம்

1860ல் ஆங்கிலேயர் கொண்டு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 375ஆவது பிரிவு, பெண்ணின் சம்மதம் இல்லாமல் நடக்கும் உறவைக் குற்றம் என்றது. ஆனால் சம்மதம் என்றால் என்ன என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பயத்தாலோ தவறான எண்ணத்தாலோ தரப்படும் சம்மதம் செல்லாது என்று 90ஆவது பிரிவு சொன்னதோடு சரி. சம்மதம் சொல்லும் வயதோ அப்போது வெறும் 10!

1890ல் கல்கத்தாவில் ஒரு வழக்கு நாட்டையே உலுக்கியது. பதினோரு வயது அளவே ஆன சிறுமி, கணவனின் வன்முறையால் இறந்து போனாள். அதன் பிறகு 1891ல் சம்மத வயதுச் சட்டம் வந்து, வயது 12 ஆனது. அதற்கே பெரிய எதிர்ப்பு. "எங்கள் வீட்டு விஷயத்தில் வெள்ளைக்காரன் தலையிடுவதா?" என்று பால கங்காதர திலகர் போன்ற பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள். பிறகு படிப்படியாக ஏறி 16 ஆகி, 2012ல் போக்சோ சட்டம் வந்தபோது 18 ஆனது.

கவனித்துப் பாருங்கள். இந்த வாதம் முழுவதும் வயதைப் பற்றியதாகவே இருந்தது. வளர்ந்த ஒரு பெண்ணின் சம்மதத்தை எப்படி அறிவது என்ற கேள்வியை அன்று பெரிதாக யாரும் எழுப்பவில்லை.

மதுரா வழக்கு

அந்தக் கேள்வியை எழுப்பியது ஓர் ஏழை ஆதிவாசிப் பெண்ணின் வழக்கு. 1972 மார்ச் மாதம் மகாராஷ்டிராவின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில், புகார் ஒன்றுக்காக அழைத்து வரப்பட்ட மதுரா என்ற இளம்பெண்ணை இரண்டு காவலர்கள் சீரழித்ததாக வழக்கு. கீழ் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை அந்தத் தீர்ப்பை மாற்றித் தண்டனை கொடுத்தது. பயந்து அடங்கிப் போவது வேறு, சம்மதம் என்பது வேறு என்று அந்த நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் 1978ல் உச்ச நீதிமன்றம் காவலர்களை மறுபடியும் விடுவித்துவிட்டது. அவளுடைய உடம்பில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய அடையாளம் இல்லை என்பது முக்கியக் காரணம். அதாவது, மௌனம் சம்மதம்!

1979ல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். நள்ளிரவில், காவல் நிலையத்துக்குள், ஓர் ஏழைப் பெண் போலீஸ்காரர்களை எதிர்த்துச் சண்டை போடுவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. நாடு முழுவதும் பெண்கள் அமைப்புகள் வீதிக்கு வந்தன. அதன் பலனாக 1983ல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமை வழக்குகளில், "நான் சம்மதிக்கவில்லை" என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டே வழக்கைத் தொடங்க வேண்டும் என்பது அந்தத் திருத்தம். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதும் அப்போதுதான் குற்றமானது.

ஆனால் மதுராவுக்கு? அவளுடைய வழக்கில் தீர்ப்பு மாறவே இல்லை. அவள் பெயரால் கிடைத்த சட்டம் அவளுக்குப் பயன்படவில்லை.

"ஈவ் டீசிங்" என்ற விளையாட்டு வார்த்தை

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் கதை 1998ல் திரும்புகிறது. அந்த ஆண்டு ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்த இளைஞர் கும்பலின் சீண்டலில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு உயிரிழந்தார். தமிழ்நாடே கொதித்தது. அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதுவே அந்த ஆண்டில் தமிழ்நாடு ஈவ் டீசிங் தடைச் சட்டமாக மாறியது. கல்லூரி, கோயில், பஸ் ஸ்டாப், ரயில் நிலையம், சினிமா தியேட்டர், பஸ் என்று பொது இடங்கள் எல்லாம் அதில் சேர்க்கப்பட்டன.

அதுவரை இவை எல்லாம் "கிண்டல்", "வயசுக் கோளாறு" என்ற கணக்கில்தான் இருந்தன. சினிமாவிலும் அதுதான் காதலின் முதல் படி. கதாநாயகன் துரத்துவான், கதாநாயகி முறைப்பாள், மூன்றாவது பாட்டில் சிரித்துவிடுவாள். "வேண்டாம்" என்பதற்கு "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்று பொருள் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம் அது. "டீசிங்" என்ற வார்த்தையே குற்றத்தை விளையாட்டாக்குகிறது என்று பெண்கள் அமைப்புகள் சொல்லி வந்தன. பின்னர் சட்டத்தின் பெயரும் "பெண்களுக்குத் துன்பம் இழைத்தல் தடைச் சட்டம்" என்ற பொருளில் மாற்றப்பட்டது.

2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். தென்காசி பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்ததாக வேலை நீக்கம் செய்யப்பட்ட போலீஸ்காரர் தொடர்பானது. பஸ் நிலையங்களில் மாற்று உடையில் பெண் போலீஸார் இருக்க வேண்டும், கேமரா வைக்க வேண்டும், ஓடும் பஸ்ஸில் தொல்லை நடந்து புகார் வந்தால் டிரைவரும் கண்டக்டரும் வண்டியை நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்று அதில் உத்தரவிடப்பட்டது. திருமங்கலம் – மதுரை பஸ்ஸில் தினமும் போய் வருபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சட்டம் மாறிய ஆண்டு

அந்தத் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, 2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் ஓடும் பஸ்ஸில் அந்தக் கொடூரம் நடந்தது. மாணவர்கள்தான் முதலில் தெருவுக்கு வந்தார்கள். நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது.

சம்மதம் என்ற சொல்லுக்கு விளக்கம் கிடைத்தது அப்போதுதான். பெண் தானாக முன்வந்து, சந்தேகத்துக்கு இடமின்றி, சொல்லாலோ சைகையாலோ, அந்தக் குறிப்பிட்ட செயலுக்குத் தரும் ஒப்புதலே சம்மதம். எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவள் சம்மதித்தாள் என்று கருதக் கூடாது. மதுராவுக்குக் கிடைக்காத நீதி, 41 ஆண்டுகள் கழித்து இப்படி எழுத்தில் வந்தது. 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவில் இருக்கிறது.

"அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு" என்ற சொற்களைக் கவனியுங்கள். சினிமாவுக்கு வரச் சம்மதம் என்றால் தொடுவதற்குச் சம்மதம் என்று ஆகாது. நேற்றைய "சரி" இன்றைக்குச் செல்லாது. படம் எடுக்கச் சம்மதித்தாலும் அதைப் பிறருக்கு அனுப்பச் சம்மதித்ததாக ஆகாது. இந்தக் கடைசி விஷயம் சட்டத்திலேயே தனியாக எழுதப்பட்டிருக்கிறது. பெண் மறுத்த பிறகும் பின்தொடர்வது தனிக் குற்றம். எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. மனைவியின் சம்மதம் என்ற கேள்விக்கு இந்தச் சட்டம் இன்னும் பதில் சொல்லவில்லை.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஆன்டியோக் கல்லூரி 1990களின் தொடக்கத்திலேயே "ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுச் சம்மதம் பெற வேண்டும்" என்று விதி போட்டது. அன்று டிவியில் அதைக் கேலி செய்து சிரித்தார்கள். 2014ல் கலிபோர்னியா மாநிலம் அதே கருத்தைக் கல்லூரிகளுக்கான சட்டமாக்கியது!

கல்லூரிக்குள்

இந்தியக் கல்லூரிகளில் இதற்கு அடித்தளம் போட்டது 1997ல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பு. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய் 1992ல் வன்கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவியின் போராட்டம் அதன் பின்னணி. 2016ல் பல்கலைக்கழக மானியக் குழு தன் விதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஆசிரியர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட 3 மாணவர்கள் குழுவில் இருக்க வேண்டும். புகாரை 3 மாதத்துக்குள் கொடுக்கலாம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் கிடைக்கும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படலாம் என்பதையும் அந்த விதிகள் ஏற்கின்றன.

காகிதத்தில் எல்லாம் சரி. பிறகு ஏன் பெண்கள் பேசுவதில்லை?

பதில் பொள்ளாச்சியில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். நட்பாகப் பழகி, வீடியோ எடுத்து, மிரட்டியே பல பெண்களைச் சீரழித்த கும்பல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் அந்த மாணவியின் அடையாளம் அதிகாரிகள் மூலமாகவே வெளியானது! 1983லேயே குற்றமாக்கப்பட்ட செயல் அது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கொடுமையிலும் இதே கதை. புகார் கொடுத்த மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. குற்றவாளிக்கு ஐந்தே மாதத்தில், குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை கிடைத்தது உண்மை. ஆனால் கசிந்த பெயரை யாரால் திரும்ப அள்ள முடியும்?

இந்த இரண்டு மாணவிகளும் பேசியதால்தான் குற்றவாளிகள் சிக்கினார்கள். பொள்ளாச்சியில் மற்ற பெண்களும் பிறகு சாட்சி சொல்ல வந்தார்கள். அதுவரை அவர்கள் அமைதியாக இருந்தது பயத்தால். அந்தப் பயத்தை உருவாக்கியது "நீ ஏன் அங்கே போனாய்?" என்று கேட்கும் ஊர்.

ஆகவே பழமொழியை மாற்ற வேண்டிய நேரம் இது. மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி அல்ல. பல நேரங்களில் அது உதவி கேட்கும் குரல். உதவிக்கு 181 என்ற மகளிர் எண்ணும் 112 என்ற அவசர எண்ணும் இருக்கின்றன. உங்கள் கல்லூரியின் புகார் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று நாளைக்கே நோட்டீஸ் போர்டில் பாருங்கள். பெயர்கள் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். நாளை காலை பஸ்ஸில் ஒரு பெண் பேசாமல் இரண்டு அடி தள்ளி நின்றால், அவளுக்காக ஒரு குரல் கொடுங்கள். சட்டம் மாற நூறாண்டு ஆனது. ஒரு பஸ் மாற அவ்வளவு காலம் தேவையில்லை!