கட்டில் கால்மாட்டிலிருந்து கணினித் திரைக்கு

மருத்துவமனையில் படுத்தவர்களுக்கும் துணைக்கு இருந்தவர்களுக்கும் கேஸ் ஷீட் பழக்கமான பொருள்தான். கட்டிலின் கால்மாட்டில் அட்டையோடு தொங்கும். காய்ச்சல் ஏறி இறங்கிய கோடு, போட்ட ஊசி, வெளியேறிய சிறுநீரின் அளவு எல்லாம் அதில் இருக்கும். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இன்று அது கணினிக்குள் போய்விட்டது. சக்கரம் வைத்த மேசையில் கணினியைத் தள்ளிக்கொண்டு சிஸ்டர் வருகிறார். அந்தக் கணினி வார்டுக்கு வந்து சேர்ந்த வழியில் ஒரு போர்முனையும் ஏவுகணைத் தொழிற்சாலையும் கடற்கரை மணலும் வாடகைக் காரும் இருக்கின்றன.

1854இல் கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், அங்கே இறந்தவர்களின் கணக்குகூட ஒழுங்காக இல்லாததைப் பார்த்தார். ஊர் திரும்பிய பிறகு, எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று வாதாடினார். ஒன்றோடொன்று ஒப்பிடத் தகுந்த மருத்துவமனைப் பதிவு அநேகமாக எங்குமே கிடைக்கவில்லை என்று 1863இல் வெளியிட்ட நூலில் மனம் நொந்து எழுதினார்.

அதே பத்தாண்டில் படிவத்தை நிரப்ப ஒரு கருவி கிடைத்தது. அதுவரை வெப்பமானி ஓர் அடி நீளம் இருந்தது. அளவு காட்ட இருபது நிமிடம் பிடித்தது. ஆங்கிலேய மருத்துவர் ஆல்பட் அதை ஆறு அங்குலமாகவும் ஐந்து நிமிடமாகவும் சுருக்கினார். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்டர்லிஷ் என்ற மருத்துவர் சுமார் 25,000 நோயாளிகளின் காய்ச்சலை ஆராய்ந்து 1868இல் புத்தகம் போட்டார். கருவி கைக்கு அடக்கமானதும் வேலை செவிலியர் கைக்கு வந்தது, கூடவே எழுதும் பொறுப்பும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒவ்வொரு மருத்துவரும் தனித்தனிப் பேரேடு வைத்திருந்தார். ஒரே நோயாளியின் கதை நாலைந்து பேரேடுகளில் சிதறிக் கிடந்தது. 1907இல் அங்கிருந்த மருத்துவர் ஹென்றி பிளம்மர், ஆளுக்கு ஓர் எண், ஓர் உறை என்று மாற்றினார். இன்றைய மருத்துவமனை எண்ணுக்கு அவரைத்தான் முன்னோடி என்பேன்.

பிறகு ஒரு பெரிய தாவல். கலிபோர்னியாவில் ஏவுகணை செய்துகொண்டிருந்த லாக்ஹீட் நிறுவனம், தன் கணினித் திறமையை மருத்துவமனைக்கும் விற்கலாம் என்று இறங்கியது. பாதி வழியில், ரத்தப் பரிசோதனைக் கருவி விற்றுவந்த டெக்னிகான் நிறுவனம் 1971இல் அந்தத் திட்டத்தை வாங்கிக்கொண்டது. அந்தத் திட்டம் அமைந்த எல் கமினோ மருத்துவமனையில் செவிலியர்களுக்குத் தட்டச்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. திரையில் தெரியும் சொற்பட்டியலை ஒளிப்பேனாவால் தொட்டால் போதும். ஆனால் பட்டியலில் இல்லாத கவனிப்பைத் தொட முடியாது. பயந்துபோன நோயாளியின் பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்ததை எந்தச் சொல்லில் பதிவது? மின்னணுப் பதிவேடு செவிலியத்தின் மேல் வைத்த முதல் நெருக்கடி இதுதான் என்பது என் எண்ணம். நோயாளியிடம் செவிலியர் கண்டறியும் பிரச்சினைகளுக்குப் பொதுவான பெயர்களை வகுக்க 1973இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு மாநாடே கூடியது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் ஒரு கடற்கரையில் தொடங்குகிறது. 1949 வாக்கில் மயாமி கடற்கரையில் உட்கார்ந்திருந்த ஜோசப் உட்லண்ட், சிறுவயதில் சாரணர் படையில் கற்ற மோர்ஸ் குறியீட்டை நினைத்தபடி விரல்களால் மணலைக் கோதினார். புள்ளியும் கோடும் கீழ்நோக்கி நீண்டன, பார்கோடு பிறந்தது. 1974இல் ஓஹாயோவில் ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாகக் கடை ஸ்கேனரைக் கடந்தது. 1990களின் தொடக்கத்தில் கான்சாஸ் மாநில டொபீகா நகரில், முன்னாள் படைவீரர் மருத்துவமனைச் செவிலியரான சூ கின்னிக், பயணம் முடிந்து வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தார். ஊழியர் கைக்கருவியால் காரின் பார்கோடைப் படித்த வேகத்தைக் கண்டு நின்றுவிட்டார். காருக்குச் செய்வதை மாத்திரைக்கு ஏன் செய்யக் கூடாது? நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்து, ஆளும் மருந்தும் பொருந்துகின்றனவா என்று கணினியே சொல்லும் முறை அந்த மருத்துவமனையில் உருவாகி, 2000 வாக்கில் நாடெங்கும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்குப் பரவியது. அந்த மருத்துவமனைகளின் மென்பொருளை யாரும் நகலெடுக்கலாம் என்பதால் ஜோர்டான் அரசு அதையே எடுத்துத் தன் தேசியத் திட்டத்தை அமைத்தது.

பார்கோடு முறையால் பலன் உண்டா? பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. நேரத் தவறுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், மருந்து கொடுப்பதில் பிழை 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் 2008இல் வந்த இன்னோர் ஆய்வு, செவிலியர்கள் நோயாளியின் பார்கோடை இன்னொரு பிரதி எடுத்துக் கதவு நிலையிலும் கணினி வண்டியிலும் ஒட்டி வைத்திருந்ததைக் காட்டியது. சோம்பலால் அல்ல. கைப்பட்டை நனைந்திருந்தது, பேட்டரி தீர்ந்திருந்தது, வயர்லெஸ் அறுந்தது, மருந்து உறை கசங்கியிருந்தது. வேலை நிற்கக் கூடாது என்று அவர்கள் கண்ட குறுக்குவழி, கருவி தடுக்க வந்த பிழைக்கே மறுபடி வழி திறந்துவிட்டது.

2009இல் அமெரிக்க அரசு மின்னணுப் பதிவேட்டுக்குக் கோடிக்கோடி டாலர்களாக ஊக்கத்தொகை அறிவித்ததும் அது வெள்ளமாகப் பரவியது. பில் போடுவதற்கும் தணிக்கைக்கும் வேண்டிய கட்டங்களும் செவிலியர் திரையில் வந்து குவிந்தன. இங்கேயும் மருத்துவமனைகள் மென்பொருள் வாங்குகின்றன. வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், இரவு டியூட்டி பார்க்கும் செவிலியர்கள் சிலரிடம் அதைக் கொடுத்து, நோயாளிகள் நிறைந்த வார்டில் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓட்டிப் பாருங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வாங்காதீர்கள்.